பைலா என்றால் யாருடைய பைலா?



சில வாரங்களுக்கு முன் நம் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைவீதியில் புதிதாக மளிகைக் கடை போட்டிருக்கும் தம்பி ஒருவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். "அண்ணாச்சி, கடைக்கு முன்னாடி தகரம் இறக்கக் கூடாதாமே. பைலாவுல இருக்குதுன்னு நகராட்சிக்காரர் சொல்லிட்டுப் போறார். நம்ம சங்கத்து பைலாவுல அப்படி ஒண்ணை எப்போ சேர்த்தீங்க?" என்று செயலாளரைக் கேட்டார். அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பாவம், தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அதே தவற்றை நான் 1998இல் செய்தவன். தம்பிக்கு ஆனது கேலியோடு போயிற்று. எனக்கு அது பல வருஷத்துக் கூலிச் செலவாக வந்து விடிந்தது.

அப்போது நான் மண்டி வைத்திருந்த ஊரில் நகராட்சி ஓர் அறிவிப்பை வெளியிட்டிருந்தது. பத்திரிகையின் உள்பக்கத்தில், பெயர் மாற்ற விளம்பரங்களுக்கும் ஏல அறிவிப்புகளுக்கும் நடுவில், பொடி எழுத்தில் இருந்தது. "துணை விதிகள் வரைவு, ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்" என்று தலைப்பு. எங்கள் கணக்குப்பிள்ளை விவரமானவர். அதைக் காட்டி, "முதலாளி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். நான் தலைப்பை மட்டும் பார்த்தேன். துணை விதி என்ற சொல்லை அதுவரை கூட்டுறவுச் சங்கத்துக் காகிதங்களில்தான் பார்த்திருந்தேன். "இது சொசைட்டிக்காரங்க சமாச்சாரம். பைலா திருத்தம் செய்வாங்க. நமக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு மிளகாய் மூட்டை எடை பார்க்கப் போய்விட்டேன். அந்தப் பேப்பர் அடுத்த வாரம் பழைய பேப்பரோடு சில்லறைக் கடைக்குப் போய்ப் பொட்டலம் மடிக்க உதவியிருக்கும்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் துவரம்பருப்பு லாரி வந்து நின்றது. பாதி மூட்டை இறங்குவதற்குள் நகராட்சி ஆட்கள் வந்துவிட்டார்கள். பகலில் கடைவீதியில் லாரியை நிறுத்திச் சரக்கு இறக்கக் கூடாது, துணை விதி அமலுக்கு வந்துவிட்டது, மீறினால் அபராதம், தொடர்ந்து மீறினால் நாளுக்கு நாள் தனி அபராதம் என்றார்கள். நாங்கள் ஏழெட்டு மண்டிக்காரர்கள் திரண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகவே பேசினார். கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, "வரைவு வெளியிட்டோம். முப்பது நாள் காத்திருந்தோம். பாத்திரக் கடைத் தெருவிலிருந்து ஒரே ஒரு மனு வந்தது. பிற்பகலில் இரண்டு மணி நேரம் அவர்கள் தெருவுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறோம். உங்கள் தெருவிலிருந்து ஒரு தபால் கார்டுகூட வரவில்லையே, ஐயா" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றிலிருந்து எங்கள் தெருவில் ராத்திரி இறக்குமதிதான். சுமை இறக்கும் தொழிலாளர்கள் இரவுக் கூலி கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை, தூக்கத்தை விற்கிறவர்களுக்கு அதற்குரிய விலை கொடுக்கத்தான் வேண்டும். மழைக் காலத்தில் இருட்டில் இறக்கிச் சர்க்கரை மூட்டை நனைந்த கதையை எல்லாம் இங்கே சொல்லி என்ன ஆகப் போகிறது? பாத்திரக் கடைக்காரர் அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்து வைத்திருந்தார். நான் தெரிந்து வைத்திருக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவேதான் இந்த ஒரு சொல்லைப் பற்றி நம் இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் பள்ளிப் படிப்போடு நின்றவன், வக்கீல் அல்ல. ஆனால் கை சுட்டுக்கொண்டவன் என்பதால் அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பைலா என்பது ஆங்கிலச் சொல். நம் நாட்டுக் காகிதங்களில் அதை "பை-லா" என்று நடுவில் கோடு போட்டு எழுதுவார்கள். இடைத்தேர்தலுக்கு ஆங்கிலத்தில் வரும் "பை" போலவே இதிலும் பக்கத்தில் இருப்பது, இரண்டாம் பட்சமானது என்று பொருள் கொண்டுதான் தமிழில் "துணை விதி" என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பு வேறு. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் வடதேசத்துக் கடலோடிகள் இங்கிலாந்தில் வந்து குடியேறினார்கள். அவர்கள் மொழியில் "பி" என்றால் ஊர். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று இன்றைக்கும் அங்கே ஊர்ப் பெயர்கள் இருப்பது அதனால்தான். அந்த ஊரும் சட்டமும் சேர்ந்து பிறந்ததே பைலா என்று சொல்லாராய்ச்சி செய்தவர்கள் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அதாவது, ஊர்ச் சட்டம். பிற்காலத்தில் வெள்ளைக்காரனே தன் சொல்லின் பொருளை மறந்து, பக்கச் சட்டம் என்று நினைத்துக்கொண்டான். நாம் அவன் மறந்ததை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மலேசியாவில் நகராட்சி விதிகளுக்கு மலாய் மொழியில் "சின்னச் சட்டம்" என்றே பொருள்படும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். கனடா நாட்டிலோ பைலா என்றாலே ஊராட்சி மன்றம் போட்ட சட்டம் என்றுதான் சாதாரண ஜனங்கள் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்காவில் போய் இருக்கும் நம் பிள்ளைகள், நகரசபை போடும் சட்டத்துக்கு "ஆர்டினன்ஸ்" என்று பெயர் சொல்வார்கள். இங்கே ஆர்டினன்ஸ் என்றால் அது அவசரச் சட்டம். அதைப் பிறப்பிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும்தான் உண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வந்ததே, அது. 2020 ஜூனில் விளைபொருள் வணிகத்துக்கென்று மத்திய அரசு கொண்டுவந்து மண்டிக்காரர்களை எல்லாம் திடுக்கிட வைத்ததும் அதே வகைதான். இது தெரியாமல், எங்கோ ஒரு அமெரிக்கச் சிற்றூரில் நாய் வளர்ப்பதற்குப் போட்ட ஊர் விதியை "அவசரச் சட்டம்" என்று நம் பத்திரிகைகள் தமிழாக்கிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இலங்கைத் தமிழர்கள் இதில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய பழைய ஆர்டினன்ஸ்களைக் "கட்டளைச் சட்டம்" என்று சொல்லி அவசரச் சட்டத்திலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே இலங்கையில் பைலா என்றால் ஆடிப் பாடுகிற ஒரு வகைப் பாட்டு. நம்மூரிலும் பைலா வந்தால் ஆட்டம் உண்டு, ஆடுகிறவர்கள் நாம்.

சொல் ஆராய்ச்சி போதும். மளிகைக் கடைக்காரருக்கு இதில் காரியம் என்ன என்பதற்கு வருகிறேன்.

நம்மிடம் வருகிற எந்த அலுவலரும் "சட்டம் இருக்கிறது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அது எந்த வகைச் சட்டம், யார் போட்டது என்று நாமும் கேட்பதில்லை. பெயர்ப் பலகையில் தமிழ் பெரிதாக இருக்க வேண்டும், தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, மற்ற மொழிக்கு இரண்டு என்பது மாநில அரசு போட்ட விதி. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருவது. எடைக்கல், தராசு முத்திரை மத்திய அரசின் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடங்கும். உணவுப் பொருள் விற்பதற்கான பதிவும் உரிமமும் 2006ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் அடங்கும். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளை எடுத்துவிட்டார்களே, அது 2018 ஜூனில் வந்த அரசாணை. இவை எதுவும் நகராட்சி போட்டது அல்ல. நகராட்சி ஆள் வந்து பையைப் பறிமுதல் செய்கிறார் என்பதற்காக அது நகராட்சிச் சட்டம் ஆகிவிடாது. 2019இல் எத்தனை ஊர்களில் நம்மவர்கள் நகராட்சி ஆணையரிடம் போய், "இந்தப் பிளாஸ்டிக் தடையைத் தளர்த்துங்கள்" என்று மனுக் கொடுத்தார்கள்! அவர் எப்படித் தளர்த்துவார்? கோட்டையில் தட்ட வேண்டிய கதவை ஊர்ச் சாவடியில் தட்டினோம்.

இதற்கு நேர்மாறாக, தெருவில் சரக்கு இறக்கும் நேரம், சந்தையில் கடை போடும் இடம், குப்பை வைக்கும் முறை போன்றவற்றில் ஊர் மன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்மையான அதிகாரம். அங்கே நம் குரல் எட்டும். எட்டக்கூடிய இடத்தில்தான் நாம் வாய் திறப்பதில்லை.

துணை விதி என்றால் ஏதோ சின்ன விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. நம் அரசியலமைப்பின் 13ஆவது பிரிவில் சட்டம் என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவசரச் சட்டம், ஆணை, விதி, அறிவிக்கை இவற்றோடு துணை விதியும் அங்கே பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. சட்ட பலமுள்ள பழக்க வழக்கமும்கூட அதில் உண்டு. ஆகவே முறைப்படி வந்த ஊர்ச் சட்டத்தை மீறினால் அபராதம் கட்டத்தான் வேண்டும். அதே சமயம், அது சட்டம் என்பதாலேயே அதை நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கவும் முடியும். இரண்டும் ஒரே நாணயத்தின் பக்கங்கள்.

கேள்வி கேட்டவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள்தான். இந்தக் கதையை நம் சங்கத்து இளைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகர் மாவட்டத்தில் அன்றைக்கு இருந்த ஊர் கைரானா. அங்கே காய்கறி, பழம் மொத்தமாக வாங்கி விற்கும் கமிஷன் மண்டிக்காரர் ஒருவர் இருந்தார். வாடகைக் கடையில் வியாபாரம். 1950 ஜனவரி 1 முதல் நகராட்சி ஒரு துணை விதியை அமலுக்குக் கொண்டுவந்தது. நகராட்சி குறித்துக் கொடுத்த இடத்தைத் தவிர வேறெங்கும் காய்கறி மொத்த வியாபாரம் செய்யக் கூடாது, முன் அனுமதியில்லாமல் புதுச் சந்தை வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். கூடவே, மொத்த வியாபாரத்துக்கான ஏகபோக ஒப்பந்தத்தை ஒரே ஆளுக்குக் கொடுத்தும்விட்டார்கள். நம் ஆள் உரிமம் கேட்டு மனுப் போட்டார். மறுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், உரிமம் கொடுப்பதற்கே அந்தத் துணை விதியில் வழி எழுதப்படவில்லை. கொடுக்க முடியாத உரிமத்தை வைத்துக்கொண்டு, உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்தாய் என்று அவர் மேல் வழக்கும் போட்டார்கள்.

அவர் நேரே புது தில்லிக்குப் போனார். அரசியலமைப்பு அமலுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத நேரம். 1950 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொழில் செய்யும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு, அதை நியாயமான அளவில் ஒழுங்குபடுத்தலாமே தவிர, அடியோடு அடைத்துவிட ஊர் மன்றத்துக்கு உரிமை இல்லை என்பது அதன் கருத்து. வழக்கைத் திரும்பப் பெறும்படி நகராட்சிக்கு உத்தரவிட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இனிமேல் சட்டப்படி சரியாகத் துணை விதி போட்டால் அதற்கு அந்த வியாபாரி கட்டுப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். ஊர்ச் சட்டத்தையே தூக்கி எறியவில்லை.

அதே மாவட்டத்தில் ஜலாலாபாத் என்று இன்னொரு சிற்றூர். அங்கேயும் காய்கறி, பழ மொத்த வியாபாரி ஒருவர். யாரும் மொத்தமாகவோ ஏலத்திலோ காய்கறி விற்பதென்றால் ஊர்க் கமிட்டி நியமித்த குத்தகைதாரரிடம் கட்டணம் கட்ட வேண்டும் என்று அங்கே துணை விதி. வியாபாரியோ தன் சொந்தக் கடையில் வியாபாரம் செய்கிறார், கமிட்டியின் இடத்தை அவர் பயன்படுத்தவே இல்லை. 1952 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணம் செல்லாது என்றது. தாய்ச் சட்டம் கமிட்டிக்குக் கொடுத்த அதிகாரம், கமிட்டியின் பொறுப்பில் உள்ள இடத்தை ஒருவர் பயன்படுத்தினால் அதற்குக் கட்டணம் வாங்குவது மட்டுமே, அதைத் தாண்டித் துணை விதி போட முடியாது என்பது காரணம். துணை விதி எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தாய்ச் சட்டம்தான் அளந்து கொடுக்கிறது. நம் தொழிலில் சொன்னால், படியை மிஞ்சி அளக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு வழக்கு, இது வியாபாரி வழக்கு அல்ல. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923இல் மந்திரி சபை ஒரு தீர்மானம் போட்டு அபினிச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. கெஜட்டில் போடவில்லை, பறை அறைந்தும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து ஒருவரை அந்தச் சட்டத்தின் கீழ் பிடித்துத் தண்டித்தார்கள். 1951இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பூட்டிய அறைக்குள் தீர்மானம் போட்டுவிட்டால் மட்டும் சட்டம் ஆகாது, ஜனங்களுக்குத் தெரியும்படி வெளியிட்டால்தான் சட்டம் என்றது.

இந்தக் கடைசி வழக்கு நமக்கு ஏன் முக்கியம் என்றால், இன்றைக்கும் ஊர்களில் நடக்கும் வேலை இதுதான். மன்றத்தில் ஒரு தீர்மானம் போடுவார்கள். அதை வைத்துக்கொண்டு, "பைலா வந்துவிட்டது" என்று தண்டல் செய்ய ஆள் வந்துவிடும். எங்கள் ஊரிலேயே ஒரு சமயம் தட்டுவண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று அச்சடித்த ரசீதோடு ஒருவர் வந்து நின்றார். 1998இல் சூடுபட்ட பூனையல்லவா, இந்த முறை நான் துணை விதியின் பிரதியைக் கேட்டேன். தீர்மான எண்ணைச் சொன்னார். தீர்மானம் வேறு, துணை விதி வேறு, கெஜட்டில் எந்தத் தேதியில் வந்தது என்று சங்கத்தின் சார்பில் எழுதிக் கேட்டோம். பதில் வரவில்லை. தண்டல்காரரும் வரவில்லை.

பொதுவாக ஒரு துணை விதி உயிர் பெறுவதற்குச் சில படிகள் உண்டு. வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும், வந்த ஆட்சேபணையை மன்றம் பரிசீலிக்க வேண்டும், அரசின் ஒப்புதல் வேண்டும், அரசிதழில் வர வேண்டும். மத்தியச் சட்டங்களைப் பொறுத்தவரை, முன்கூட்டி வெளியிட வேண்டும் என்று நிபந்தனை உள்ள விதிக்கும் துணை விதிக்கும் இந்த முறையை 1897ஆம் ஆண்டுப் பொதுப் பிரிவுகள் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. படிகள் எல்லாம் ஏறி வந்தால் அது சட்டம். பாதியில் நின்றால் அது வெறும் காகிதம். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேட்டாலே போதும். நம்மில் பலர் நூறு ரூபாயைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் பத்து ரூபாய் மனுப் போடத் தயங்குகிறோம்.

இன்னொரு மாறுதலையும் சொல்ல வேண்டும். 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பெயரைச் சொல்லியே நாம் ஆயுசு முழுக்க உரிமம் புதுப்பித்தோம். "டி அண்டு ஓ" லைசென்ஸ் என்போமே, அதன் முழுப் பெயர் அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்களுக்கான உரிமம். மாவு மில்காரரும் மிளகாய் அரைக்கிறவரும் அருவருக்கத்தக்க தொழில் செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டு வருஷா வருஷம் பணம் கட்டினார்கள்! அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் கால் நூற்றாண்டுக் காலம் பீரோவில் தூங்கிவிட்டு, புதிய விதிகளோடு 2023 ஏப்ரல் 13 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் இருந்த பழைய சட்டங்களுக்குப் பதில் ஒரே சட்டம். கிராம ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் தனி. ஆகவே, "1920 சட்டப்படி" என்று தொடங்கும் நோட்டீஸ் யாருக்காவது இப்போது வந்தால் அதை வாங்கி வைத்துவிட்டு உடனே சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் எந்தெந்தத் துணை விதி இப்போது நடப்பில் இருக்கிறது என்ற பட்டியலைச் சங்கத்தின் பெயரால் எழுதிக் கேட்டு வாங்கி வைப்பது எல்லாக் கிளைகளும் செய்ய வேண்டிய முதல் வேலை.

மன்றம் என்று சொல்லும்போது ஒரு வேதனையும் நினைவுக்கு வருகிறது. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை நம் மாநிலத்து நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்களே எல்லாம். ஐந்து வருஷத்துக்கு மேல் ஊர் இல்லாமலே ஊராட்சி நடந்தது. நாமும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை. கவுன்சிலர் தொல்லை இல்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களும் நம்மில் இருந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கவுன்சிலரிடம் சண்டையாவது போடலாம்.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் மேடையில் பேசுவார்கள், குடவோலை என்று. அது பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதி. அந்த ஊர்ச் சபை தனக்குத் தானே செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு அந்தக் கல்வெட்டில் வரும் சொல் "வியவஸ்தை". வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவுக்காரர்களும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. கணக்குப் புத்தகத்தோடு வாழ்கிற நமக்கு இதைவிடப் பிடித்தமான சட்டம் வேறு என்ன இருக்க முடியும்? அந்த வியவஸ்தைதான் தேய்ந்து, இன்று நம் வாயில் "வெவஸ்தை" ஆகியிருக்கிறது. வாங்கின கடனைத் திருப்பாதவனை, "அவனுக்கு ஒரு வெவஸ்தை கிடையாது" என்கிறோம். ஊர்ச் சட்டத்துக்கு இருந்த ஒரு நல்ல சொல் திட்டுவதற்கு மட்டும் பயன்படுகிறது. துணை விதி என்ற சொல்லுக்குப் பதிலாக "ஊர் விதி" என்று போட்டிருந்தால் அன்றைக்கு அந்தப் பேப்பரை நான் பொட்டலத்துக்குப் போகவிட்டிருக்க மாட்டேன். சொல்லை மாற்றுவது அரசாங்கத்தின் கையில். நம் இதழிலாவது நகராட்சியின் துணை விதி என்றால் "ஊர் விதி" என்றும், சங்கத்தின் துணை விதி என்றால் "சங்க விதி" என்றும் பிரித்து எழுதலாமே என்பது ஆசிரியர் குழுவுக்கு என் வேண்டுகோள்.

ஏனென்றால், இரண்டும் ஒரே பெயரில் திரிந்தாலும் இரண்டுக்கும் பலம் ஒன்றல்ல. நம் சங்கம் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. அதற்கு ஒரு பைலா உண்டு. அது உறுப்பினர்களாகிய நமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் மாதிரி. வெளியாரை அது கட்டாது. கூட்டுறவுச் சங்கத்தின் துணை விதியைப் பற்றி 1969இல் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருக்கிறது. சட்டத்தின் கீழ்ப் போடப்பட்டது என்றாலும் அது சட்டத்தின் பலம் உடையதல்ல, கம்பெனிக்குள் இருக்கும் விதிமுறைகளைப் போன்றது என்று. இது தெரியாமல் நாமும் சில சமயம் எல்லை மீறியிருக்கிறோம். கடையடைப்பு அன்று கதவைத் திறந்த உறுப்பினர் அல்லாத கடைக்காரரிடம், "பைலாப்படி அபராதம்" என்று மிரட்டியவர்கள் நம்மில் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். இன்ன விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று சங்கத்தில் விதி போட்டால் அது செல்லாது என்பது மட்டுமல்ல, 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின்படி நாமே மாட்டிக்கொள்வோம். நகராட்சிக்காரரிடம் "எந்த அதிகாரத்தில்" என்று கேட்கிற வாய், நம்மையும் அதே கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வருகிற ஊர் விதி எல்லாவற்றையும் எதிர்த்து மனுப் போடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருவை அடைத்துச் சரக்குப் போட்டுவிட்டு, தீயணைப்பு வண்டி நுழைய முடியாமல் பக்கத்துக் கடை எரிந்ததைப் பார்த்தவன் நான். சாக்கடை மேல் பலகை போட்டு வியாபாரம் செய்துவிட்டு, மழை பெய்தால் தண்ணீர் போகவில்லை என்று நகராட்சியைத் திட்டுவதும் நாம்தான். பகலில் லாரிக்குத் தடை போட்ட அந்த விதியிலும் நியாயம் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் தெரு அது. நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் பிற்பகலில் இரண்டு மணி நேரம் எங்களுக்கும் கிடைத்திருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் இழந்தோம்.

தகரக் கூரைத் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு செயலாளரும் நானும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். எந்த விதி, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ரசீது வாங்கி வந்திருக்கிறோம். பதில் வந்ததும் இதழில் தெரிவிக்கிறேன். திரும்பி வரும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் மூன்று காகிதம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தது, அடியில் இருப்பதைப் படிக்க முடியவில்லை. தம்பி கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். இனி திங்கட்கிழமைதோறும் கடை திறக்கப் போகும் வழியில் தானே பார்த்துப் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

நம் சங்கத்து பைலா பிரதிகள் அலுவலக அலமாரியில் இரண்டு இருக்கின்றன. ஒன்றை நான் எடுத்து வந்திருக்கிறேன். பொதுக்குழுவுக்கு முன் படித்துவிட்டுத் திருப்பி வைக்கிறேன், மற்றது அங்கேயே இருக்கிறது.